புருவத்துக்கு 750 மணி நேரம்

பருத்தி நூலின் ஒரு முனையைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு, நடுப்பகுதியை இரு கை விரல்களாலும் முறுக்கி, அந்த முறுக்கைப் புருவத்தின் மீது ஓட்டினால் முடி வேரோடு வந்துவிடும். ரசாயனம் இல்லை, சூடான மெழுகு இல்லை, கத்தி இல்லை. நாகர்கோவிலிலோ ஈரோட்டிலோ தெருமுனை பியூட்டி பார்லரில் பத்து நிமிடத்தில் முடிகிற த்ரெட்டிங் இது. தெற்காசியாவிலிருந்து புலம்பெயர்ந்த பெண்கள் இந்தக் கைவேலையைத் தங்களோடு அமெரிக்காவுக்கும் கொண்டுபோனார்கள். டெக்ஸஸ் மாநிலத்தின் ஷாப்பிங் மால்களில் நாலு நாற்காலி போட்ட சிறு கடைகள் முளைத்தன. கூட்டம் சேர்ந்தது. அதன் பின்னால் அரசு ஆய்வாளர்களும் வந்து சேர்ந்தார்கள்.

முகத்தில் முடி நீக்குவது அழகுக்கலைத் தொழிலில் அடங்கும் என்றது மாநில உரிமத் துறை. எனவே உரிமம் வேண்டும்; உரிமம் வேண்டுமென்றால் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் 750 மணி நேரம் படித்துத் தேர்வும் எழுத வேண்டும். வாரத்துக்கு 40 மணி நேரம் என்று வைத்தாலும் நாலு மாதத்துக்கு மேல் ஆகும். கட்டணம் 3,500 டாலரிலிருந்து 9,000 டாலர் வரை. பத்து, பதினைந்து வருடமாக நூல் பிடித்த கைகளுக்கும் இதே விதிதான். சில த்ரெட்டிங் தொழிலாளர்களும் கடை உரிமையாளர்களும் 2009இல் வழக்குத் தொடுத்தார்கள். சட்ட மாணவர்கள் இன்று பாடமாகப் படிக்கும் ‘படேல் எதிர் டெக்ஸஸ் உரிமத் துறை’ வழக்கு இதுதான்.

அந்த 750 மணி நேரத்தின் உள்ளே என்ன இருந்தது என்று பிரித்துப் பார்த்தால் வழக்கு பாதி புரிந்துவிடும். ஃபேஷியல், முகச்சுத்திகரிப்பு வகைக்கு 225 மணி. உடற்கூறு 90. மின்கருவிகளுக்கு 75, மேக்கப்புக்கு 75. சட்டதிட்டங்கள், வேதியியல், வாடிக்கையாளர் கவனிப்பு ஆகியவற்றுக்குத் தலா 50. கடை நிர்வாகம் 35. நறுமண சிகிச்சை 15. ஊட்டச்சத்து 10. நிறங்களின் உளவியலுக்கு 10. சுகாதாரம், பாதுகாப்பு, முதலுதவி மூன்றுக்கும் சேர்த்து 40. முடி நீக்கலுக்கு 25. அந்த 25 மணியிலும் த்ரெட்டிங் சொல்லித்தர வேண்டும் என்ற கட்டாயம் எந்தப் பள்ளிக்கும் இல்லை. மாநிலத்தின் பள்ளிகளில் அதைச் சொல்லித்தந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவைதான். ஆக, புருவம் திருத்தும் பெண் உரிமம் வாங்குவதற்காக ஃபேஷியலும் மேக்கப்பும் நிறங்களின் உளவியலும் படித்துத் தேறி வருவாள். தன் தொழிலைப் பற்றி ஒரு பாடம்கூடக் கேட்காமலே வந்துவிடலாம்.

750இல் 710 மணி நேரம் தங்களுக்கு வேண்டாதது என்றார்கள் தொழிலாளர்கள். அரசுத் தரப்பு அதை ஏற்கவில்லை. ஆனால் 320 மணி வரை த்ரெட்டிங்குக்குத் தொடர்பில்லாமல் இருக்கலாம் என்று அதுவே ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதலே வழக்கை முடித்தது எனலாம். 2015 ஜூன் 26 அன்று டெக்ஸஸ் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. நாற்பது சதவீதத்துக்கு மேல் பொருந்தாத ஒரு பயிற்சிக்காகச் சம்பாத்தியத்தையும் விட்டுவிட்டுப் பணமும் கட்டச் சொல்வது மாநில அரசியல் சட்டம் தாங்கக்கூடிய சுமை அல்ல என்றது பெரும்பான்மை. தலைமை நீதிபதி நேதன் ஹெக்ட் மறுத்தார். எத்தனை மணி நேரம் சரி என்று முடிவு செய்ய வேண்டியது சட்டமன்றம். நீதிபதிகள் அந்த வேலையில் இறங்கினால் 1905ஆம் ஆண்டின் லாக்னர் தீர்ப்புக் காலம் திரும்பிவிடும் என்பது மறுத்த தரப்பின் கவலை. பேக்கரித் தொழிலாளிகளின் வேலை நேரத்துக்கு நியூயார்க் வைத்த வரம்பை, ஒப்பந்தச் சுதந்திரம் என்ற பெயரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தூக்கியெறிந்த தீர்ப்பு அது. இந்தக் கவலையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தொழிலாளியைக் காக்கும் சட்டத்தையும் தொழிலாளியை வெளியே நிறுத்தும் சட்டத்தையும் ஒரே வாதத்தால் உடைத்துவிட முடியும்.

டெக்ஸஸ் ஒரு மாநிலம்தான். அழகுக்கலைக்கு உரிமம் கேட்கும் அதிகாரம் அமெரிக்காவில் மாநிலங்களுடையது. எண்களும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். முடி, சருமம், நகம் மூன்றையும் கையாள அனுமதிக்கும் முழு உரிமத்துக்கு நியூயார்க்கும் மாசசூசெட்ஸும் 1,000 மணி கேட்கின்றன. அயோவா நெடுங்காலம் 2,100 மணி கேட்டது. வாரம் 40 மணி என்று படித்தால் ஒரு முழு வருடம். அதே அயோவாவில் ஆம்புலன்ஸில் போகும் அடிப்படை அவசர உதவியாளர், ரத்தப்போக்கை நிறுத்தவும் மூச்சு நின்றவருக்கு மூச்சு கொடுக்கவும் கற்றுக்கொண்டு, 132 மணி நேரத்தில் பயிற்சி முடித்துவிடலாம் என்றிருந்தது. இந்த ஒப்பீட்டைச் சீர்திருத்தம் கேட்போர் அலுக்காமல் சொல்வார்கள். அதில் கொஞ்சம் அநியாயமும் உண்டு: ஆம்புலன்ஸ் உதவியாளருக்கு மேலே மருத்துவர் இருக்கிறார், தனியாகக் கடை போடுபவருக்கு மேலே யாரும் இல்லை. ஆனால் 1,000க்கும் 2,100க்கும் இடையிலான வித்தியாசத்தை அந்தப் பதிலால் விளக்க முடியாது. நியூயார்க்வாசியின் தலைக்கு அயோவாக்காரரின் தலையைவிடப் பாதிக் கவனம் போதும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனால் பொதுச் சுகாதாரத்தைவிடப் பணம்தான் முதலில் கண்ணில் படுகிறது.

மத்திய அரசின் கல்வி உதவிக்கான கணக்கும் மணியில்தான் நடக்கிறது. ஏழை மாணவருக்கான பெல் உதவித்தொகைக்குத் தகுதி பெற, நீண்ட காலமாக ஒரு தொழிற்பயிற்சி குறைந்தது 600 மணி நேரம் இருந்தாக வேண்டியிருந்தது. மாநிலம் உரிமத்துக்குக் கேட்கும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு வரை பாடத்தை நீட்டினாலும் உதவி கிடைக்கும் என்று இன்னொரு விதி. அழகுக்கலைப் பள்ளிகளில் பெரும்பாலானவை லாப நோக்கில் நடப்பவை. அவற்றுக்கு மணி நேரம் என்பது விற்பனைச் சரக்கு. மாநிலச் சட்டம் அதை வாங்கச் சொல்கிறது, மத்திய அரசு அதற்குப் பணம் தருகிறது. ஸ்டெஃபானி செல்லினியும், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டினும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, லாப நோக்கிலான தொழிற்பள்ளிகளில் மத்திய உதவிக்குத் தகுதி பெற்றவற்றையும் பெறாதவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தது. ஒரே மாதிரிப் பாடத்துக்கு உதவி பெறும் பள்ளிகள் 75 சதவீதத்துக்கு மேல் கூடுதல் கட்டணம் வாங்கின. கூடுதல் தொகை ஏறக்குறைய மாணவருக்குக் கிடைக்கும் உதவியின் அளவிலேயே இருந்தது.

பள்ளியின் உள்ளே நடப்பதை 2018 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸில் வந்த ஒரு புலனாய்வுக் கட்டுரை அயோவாவை மையமாக வைத்து விவரித்தது. பள்ளியோடு சேர்ந்தே பொதுமக்களுக்கான சலூன் நடக்கும். மாணவிகள் வாடிக்கையாளருக்கு முடி வெட்டி, சாயம் போட்டு மணிக்கணக்கைச் சேர்ப்பார்கள். வாடிக்கையாளர் கொடுக்கும் காசு பள்ளிக்கு. மாணவிக்குச் சம்பளம் இல்லை. கட்டணம் கட்டுவதும் அவள்தான். வாடிக்கையாளர் வராத வேளைகளில் தரை கூட்டுவது, துண்டு துவைப்பது போன்ற வேலைகளில் நேரம் போனதாகப் பலர் சொல்லியிருந்தார்கள். அந்த நேரமும் 2,100இல் சேரும். படித்து முடித்து வெளியே வந்தவர்களுக்குக் காத்திருந்தது ஆயிரக்கணக்கான டாலர் கடனும், மணிக்கு 9 டாலர் போன்ற கூலியும். வகுப்பில் உட்கார்ந்த நேரத்தை அளக்கிற சட்டத்துக்கு, அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று பார்க்கக் கண் இல்லை.

இந்தச் சட்டங்களால் அதிகம் அடிபட்டவர்கள் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்கள். தலைமுடியை நுணுக்கமாகப் பின்னிவிடுவது அவர்களிடம் தாயிடமிருந்து மகளுக்கு வருகிற கலை. சாயமோ, சுருள்நீக்கும் ரசாயனமோ, கத்தரியோ இதில் கிடையாது. என்றாலும் பல மாநிலங்கள் பின்னலுக்கும் முழு அழகுக்கலை உரிமம் கேட்டன. கலிபோர்னியாவின் 1,600 மணி நேர விதி பின்னல் தொழிலுக்குப் பொருந்தாது என்று 1999இலேயே அங்குள்ள மத்திய நீதிமன்றம் சொன்னது. 2,000 மணி கேட்ட யூட்டா மாநிலத்தின் விதி 2012இல் விழுந்தது. டெக்ஸஸில் வேறொரு வேடிக்கை. பின்னல் சொல்லித்தர நினைத்த ஒரு பெண்ணிடம், பள்ளி என்றால் 2,000 சதுர அடி இடமும் பத்துப் பேருக்கான பணியிடங்களும் முடி அலசும் தொட்டிகளும் வேண்டும் என்றது அரசு. பின்னலுக்கு முடி அலசத் தேவையில்லை என்பது பெரிய ரகசியமல்ல. 2015 தொடக்கத்தில் மத்திய நீதிபதி அந்த விதிகளை ரத்துசெய்தார். அதே ஆண்டு சட்டமன்றம் பின்னலுக்கு உரிமமே வேண்டாம் என்றது.

மிசிசிப்பி 2005இலேயே வேறு வழிக்குப் போயிருந்தது. 25 டாலர் கட்டிப் பெயரைப் பதிந்து, சுகாதார விதிகளைப் பின்பற்றினால் போதும். பயிற்சி மணி பூஜ்யம். பக்கத்து லூசியானா 500 மணி கேட்டது. 2012இல் மிசிசிப்பியில் பதிவு செய்திருந்த பின்னல்காரர்கள் 1,200க்கு மேல். லூசியானாவில் உரிமம் பெற்றிருந்தவர்கள் 32 பேர். இந்த எண்களைத் திரட்டியது இன்ஸ்டிடியூட் ஃபார் ஜஸ்டிஸ் என்ற சட்ட அமைப்பு. டெக்ஸஸ் த்ரெட்டிங் வழக்கை நடத்தியதும் அதுவே. உரிமங்களுக்கு எதிரான கட்சி அது என்பதை மனதில் வைத்தே அதன் கணக்குகளைப் படிக்க வேண்டும். பதிவு இலகுவான இடத்தில் பதிவு கூடுவதில் வியப்பில்லை. லூசியானாவில் உரிமமின்றி வீட்டுக்குள் பின்னியவர்கள் எத்தனை பேர் என்று அந்த 32 சொல்லாது. சொல்கிற விஷயம் வேறு: கடினமான விதி அவர்களை அரசின் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குத் தள்ளிவிட்டது. கண்ணுக்கு எட்டாத கடையில் சுகாதாரச் சோதனை எப்படி நடக்கும்?

இதில் இன்னொரு கோணல் உண்டு. கறுப்பினப் பெண்ணிடம் ஆயிரக்கணக்கான மணி நேரம் கேட்ட அதே பாடத்திட்டம், அவளுடைய சுருட்டை முடியை எப்படிக் கையாள்வது என்று மற்ற மாணவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. உரிமம் பெற்ற சலூனுக்குப் போய், ‘இந்த மாதிரி முடி எங்களுக்குப் பழக்கமில்லை’ என்ற பதிலோடு திரும்பிய அனுபவம் அங்கே சர்வ சாதாரணம். லூசியானா 2021இலும் நியூயார்க் 2023இலும்தான் இதை உரிமத் தேர்வுக்குள்ளும் பாடத்துக்குள்ளும் கொண்டுவந்தன.

நகத் தொழிலுக்கு வந்தால் கதை கொஞ்சம் மாறுகிறது. 1975இல் சாய்கான் வீழ்ந்தபின் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ அருகே ஓர் அகதிகள் முகாமுக்கு ஹாலிவுட் நடிகை டிப்பி ஹெட்ரன் வந்துபோய்க்கொண்டிருந்தார். அங்கிருந்த வியட்நாம் பெண்கள் அவருடைய நகங்களை ரசித்துப் பார்த்ததைக் கவனித்தவர், தன் நக ஒப்பனையாளரையே வரவழைத்துச் சொல்லித்தர வைத்தார். இருபது பெண்கள் பள்ளியில் சேர்ந்து, உரிமம் வாங்கி, வேலைக்குப் போனார்கள். இன்று அமெரிக்காவின் நகச் சலூன்களில் பெரும்பங்கை வியட்நாமியர் நடத்துவதன் தொடக்கக் கதையாக இதைச் சொல்வார்கள். அவர்களுக்கு உரிமம் கதவாகவும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது: சில நூறு மணி நேரப் படிப்பில், ஆங்கிலம் சரியாகப் பேசாமலே, ஒரு தொழிலில் காலூன்ற முடிந்தது.

எத்தனை மணியில் அந்தக் கதவு அடைபடத் தொடங்குகிறது? மாயா ஃபெடர்மன், டேவிட் ஹாரிங்டன், கேத்தி கிரின்ஸ்கி ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் 2006இல் இதை அளந்தார்கள். நகத் தொழிலுக்கு மாநிலங்கள் கேட்கும் நேரம் அப்போதும் தாறுமாறாகத்தான் இருந்தது. அந்த ஏற்றத்தாழ்வே அவர்களுக்கு ஆய்வுக்கூடமானது. பயிற்சி நேரம் 100 மணி கூடினால் ஓரிடத்தில் வியட்நாமிய நகத் தொழிலாளி இருப்பதற்கான வாய்ப்பு 4.5 சதவீதப் புள்ளி குறைந்தது. ஆங்கிலத் தேர்ச்சி கேட்டால் 5.7 புள்ளி குறைந்தது. மாநிலத்தின் நோக்கம் எதுவாக இருந்தாலும், அந்த எண் வடிகட்டியது அகதிகளையும் குடியேறியவர்களையும்தான்.

அப்படியானால் உரிமமே வேண்டாமா? 2000ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் வாட்சன்வில் நகரில் நடந்ததைப் படித்தவர்கள் அவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டார்கள். ஒரே நகச் சலூனுக்குப் போய்வந்த 110 பேருக்கு முழங்காலுக்குக் கீழே கட்டிகள் கிளம்பின, மாதக்கணக்கில் ஆறவில்லை. காரணம், காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான ஒரு மைக்கோபாக்டீரியம். பெடிக்யூருக்குக் கால் ஊறவைக்கும் சுழல்தொட்டிகளைப் பிரித்த ஆய்வாளர்கள், தண்ணீரை உறிஞ்சும் சல்லடைக்குப் பின்னால் முடியும் தோல் துணுக்குகளும் சேர்ந்து அழுகிக் கிடந்ததைக் கண்டார்கள். வெளியே பளபளக்கும் தொட்டி. உள்ளே யாரும் கழற்றிப் பார்த்திராத சல்லடை. பெடிக்யூருக்கு முன் கால்களைச் சவரம் செய்துகொண்டு வந்தவர்களுக்குப் பாதிப்பு அதிகம். புருவ நூலும் முற்றிலும் நிரபராதி அல்ல: ஒரே நூலைப் பலருக்குப் பயன்படுத்தினால் மருக்களும் தோல் தொற்றும் பரவலாம் என்று தோல் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. டெக்ஸஸ் வழக்கில் அரசுத் தரப்பு அதைத்தான் எடுத்து வைத்தது.

வாட்சன்வில்லுக்குப் பிறகு கலிபோர்னியா நகத் தொழிலுக்குக் கூட்டியது பயிற்சி மணியை அல்ல. ஒவ்வொரு வாடிக்கையாளருக்குப் பின்னும் தொட்டியைக் காலிசெய்து கிருமிநாசினி ஓடவிட வேண்டும், தினமும் சல்லடையைக் கழற்றிக் கழுவ வேண்டும், கழுவியதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதி போட்டது. மீறினால் அபராதம். ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடக்கூடிய, ஆனால் ஆண்டு முழுக்கக் கண்காணிக்க வேண்டிய விஷயம். முடியை நேராக்கும் ‘பிரேசிலியன் புளோஅவுட்’ விவகாரம் இன்னும் தெளிவானது: ஃபார்மால்டிஹைடு இல்லை என்று ஒட்டியிருந்த புட்டியில் அது நிறையவே இருந்ததை 2010இல் ஓரிகன் மாநிலத் தொழிற்பாதுகாப்புத் துறை சோதித்துச் சொன்னது. கண் எரிந்து, மூச்சுத் திணறி முதலில் பாதிக்கப்பட்டவர்கள் உரிமம் பெற்ற சலூன் தொழிலாளிகள். லேபிள் பொய் சொல்லும்போது 2,000 மணி படித்திருந்தும் என்ன பயன்?

குறைந்த நேரத்தில் நல்ல பயன் தருகிற விதிகளும் இருக்கத்தான் செய்கின்றன. இல்லினாய் மாநிலம் 2017 முதல் சலூன் தொழிலாளிகளுக்குக் குடும்ப வன்முறை பற்றி ஒரு மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. தலையைக் கோதுகிற கைக்குத்தான் முடிக்குள் மறைந்த காயம் தட்டுப்படும். கணவன் கூட வராத இடங்களில் சலூன் நாற்காலியும் ஒன்று. அந்தப் பெண் வாயைத் திறந்தால் யாரிடம் அனுப்புவது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். புகார் செய்யும் கடமையைச் சட்டம் தலையில் சுமத்தவில்லை. பிறகு டென்னசியும் இதைப் பின்பற்றியது.

உரிமமே இல்லாத உலகம் எப்படி இருக்கும் என்று தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் ஐ.டி.ஐ.யில் ஒரு வருட அழகுக்கலைப் படிப்பு இருக்கிறது. படித்தவர் பார்லர் வைக்கலாம், படிக்காதவரும் வைக்கலாம். கடைக்கு உள்ளாட்சி அனுமதி உண்டு, கைக்கு உரிமம் கிடையாது. பிரிட்டனிலும் சிகையலங்காரத்துக்குக் கட்டாய உரிமம் இல்லை. 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி விரும்பியவர் பதிந்துகொள்ளலாம். இரண்டு இடத்திலும் மக்கள் தலைமுடியோடும் புருவத்தோடும்தான் நடமாடுகிறார்கள். ஆனால் பிளீச் போட்டு முகம் வெந்துபோன பெண் நம் ஊரில் யாரிடம் புகார் கொடுப்பாள் என்று கேட்டால், பதில் சொல்லச் சற்று யோசிக்க வேண்டியிருக்கும். அமெரிக்காவில் குறைந்தபட்சம் அதற்கு ஒரு வாரியம் இருக்கிறது. பல மாநிலங்களில் அந்த வாரியத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் அதே தொழிலில் இருப்பவர்களே என்பது வேறு சிக்கல். 2015 பிப்ரவரியில் வட கரோலினாப் பல் மருத்துவர்கள் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கை வைத்தது அதில்தான்: மால்களில் பல் வெண்மையாக்கும் கடைகளைப் பல் மருத்துவர்கள் நிறைந்த வாரியம் விரட்டியதற்கு அரசுப் பாதுகாப்பு கிடையாது என்றது.

மாற்றம் வராமல் இல்லை. 2015இல் ஒபாமாவின் வெள்ளை மாளிகை, உழைப்பாளிகளில் நாலில் ஒருவருக்கு மேல் ஏதோவொரு உரிமம் தேவைப்படுவதைச் சுட்டிக்காட்டிக் குறைக்கச் சொன்னது; குடியரசுக் கட்சி ஆளும் மாநிலங்களும் அதே பக்கம் நின்றன. மற்ற எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போனார்கள். எதிர்த்தவர்களில் பள்ளிகள் மட்டுமல்ல, உரிமம் பெற்ற சிகையலங்காரக்காரர்களும் இருந்தார்கள். கடன் வாங்கி 1,500 மணி நேரம் உட்கார்ந்து வாங்கிய சான்றிதழ் அவர்களுக்குச் சமூக மரியாதையும்கூட. அதை ‘வெறும் முடிவெட்டு’ என்று அரசியல்வாதி சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். டெக்ஸஸ் 1,500 மணியை 1,000 ஆக்கியது. அயோவாவும் இறங்கி வந்தது. கலிபோர்னியா 2022 ஜனவரி முதல் 1,600ஐ 1,000 ஆகக் குறைத்து, செய்முறைத் தேர்வை எடுத்துவிட்டு, முடிக்கு மட்டுமான 600 மணி நேர உரிமம் ஒன்றையும் புதிதாகக் கொண்டுவந்தது.

ஆனால் மாநிலம் எண்ணைக் குறைத்தாலும் பள்ளி குறைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒன்றரை மடங்கு விதி இருக்கும்வரை, 1,000 மணி கேட்கும் மாநிலத்தில் ஒரு பள்ளி 1,500 மணி நேரப் பாடத்தை நடத்தி முழுவதற்கும் மத்திய உதவியை வாங்கிக்கொள்ளலாம். மத்தியக் கல்வித் துறை 2023இல் அந்த ஓட்டையை அடைக்க முயன்றது: மாநிலம் கேட்கும் குறைந்தபட்ச நேரத்துக்கு மேல் போகும் பாடத்துக்கு உதவி இல்லை, 2024 ஜூலை முதல் அமல் என்று அறிவித்தது. பள்ளித் தரப்பு நீதிமன்றம் போனது. அமலுக்கு வருவதற்குச் சில நாள் முன்பு, ஜூன் மாதத்தில், மத்திய நீதிபதி ஒருவர் அந்த விதியை நிறுத்திவைத்தார். அந்த நீதிமன்றம் இருந்ததும் டெக்ஸஸில்தான்.